கச்சேரி மேடையில் வெளிச்சம் குறைவு: ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுப்பது எப்படி?

ரோஸ் ஹில் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதித் தமிழ்ச் சங்க விழாவில் நடக்கவிருக்கும் கர்நாடக இசைக் கச்சேரியைப் படம் எடுத்துத் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வாரம் மொரிசியசின் தெற்குக் கடற்கரையில் உறவினர் வீட்டு விழா ஒன்றில் இத்தீவின் நாட்டார் கலையான மரபு முறைச் சேகா பாட்டும் ஆட்டமும் உண்டு. அதையும் எடுக்க ஆசைப்படுகிறேன். என்னிடம் இருப்பவை ஏ.பி.எஸ்-சி சென்சார் (முழுச் சட்டத்தைவிடச் சிறியது) கொண்ட கேமராவும், அதனுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸும் மட்டுமே. அந்த லென்ஸில் மேடையை நெருக்கமாகக் கொண்டுவந்தால் ஒளி நுழையும் துளை எஃப் 5.6 அளவுக்குச் (எண் கூடினால் துளை சிறிது) சுருங்கிவிடுகிறது. மண்டபத்தின் கூரையில் பழைய குழல் விளக்குகளும், மேடைக்கு மேலே நீலமும் ஊதாவுமாக மாறும் எல்.இ.டி. விளக்குகளும் இருக்கின்றன. ஃபிளாஷ் போட்டால்தான் பாடுபவரின் முகம் தெரியும் என்று சங்கத்தார் சிலர் சொல்கிறார்கள். பாடிக்கொண்டிருப்பவரின் கண்ணில் ஒளியை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது, ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) எதுவரை உயர்த்தலாம், ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே விழும் நேரத்தை) எவ்வளவு வைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

போர்ட் லூயி படக்காரர் எழுதியது:

லென்ஸ் விஷயத்தில் தயக்கமே வேண்டாம், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை வாங்குங்கள். பெரிய கேமரா நிறுவனங்கள் பலவும் அதைத் தங்கள் பட்டியலின் மலிவான லென்ஸ்களில் ஒன்றாக வைத்திருக்கின்றன. உங்கள் சென்சாரில் அது முழுச் சட்டக் கேமராவின் 75 முதல் 80 மி.மீ. வரையிலான லென்ஸின் பார்வையைத் தரும் என்பதால், முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றால் பாடகரின் இடுப்புக்கு மேற்பட்ட தோற்றம் படத்தில் நிறையும். எஃப் 5.6 உடன் ஒப்பிட்டால் எஃப் 1.8 ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. இப்போது 1/30 விநாடியில் கிடைக்கும் அதே எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளி), ஐ.எஸ்.ஓ.வைத் தொடாமலேயே 1/250 விநாடியில் கிடைக்கும். எஃப் 2.8 ஜூம் லென்ஸ் வசதியானதுதான், ஆனால் அது தருவது நான்கு மடங்கு ஒளி மட்டுமே, விலையோ பல மடங்கு.

இதற்கு ஈடாக நீங்கள் கொடுப்பது தெளிவின் ஆழம். எஃப் 1.8இல், மூன்று மீட்டர் தொலைவில் உங்கள் கேமராவுக்குத் தெளிவாக அமையும் பகுதி சுமார் 25 செ.மீ. மட்டுமே, நான்கு மீட்டரில் அது 45 செ.மீ. அளவுக்கு விரியும். பாடகரின் முகம் தெளிவாக இருக்கும்போது, அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் வயலின் கலைஞர் மங்கிவிடுவார். மேடைக்கு முன்னால் நிற்கும் மைக் கம்பியைக் கேமரா பிடித்துக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம் என்பதால், ஃபோகஸ் புள்ளிகளை எல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு புள்ளியை அருகிலுள்ள கண்ணின்மேல் வையுங்கள்.

ஐ.எஸ்.ஓ. பற்றிப் பலருக்கு வீணான அச்சம் இருக்கிறது. படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் நாய்ஸுக்கு முதற் காரணம் சென்சாருக்கு வந்து சேர்ந்த ஒளியின் குறைவே. ஐ.எஸ்.ஓ. 800இல் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் ஏற்றிய படம் 3200இல் சரியாக எடுத்த படத்தைவிட நன்றாக இருக்காது, பல கேமராக்களில் மோசமாகவே இருக்கும். 3200ஐத் தயங்காமல் பயன்படுத்துங்கள். தேவைப்பட்டால் 6400க்கும் செல்லுங்கள். நாய்ஸ் உள்ள படத்தைப் பார்வையாளர் மன்னிப்பார். குலுங்கிய படத்தை எந்த மென்பொருளும் முழுமையாக மீட்டுத் தராது. கோப்பு ‘ரா’ (RAW) வடிவிலேயே, அதாவது கேமரா பதப்படுத்தாத மூல வடிவிலேயே இருக்கட்டும்.

வாக்வா மிருதங்க ஆசிரியர் எழுதியது:

மேலே சொல்லப்பட்டவை சரியானவை. ஆனால் ஷட்டர் வேகத்தைக் கேமராவிலிருந்து மட்டும் முடிவு செய்ய முடியாது. மேடையில் அந்தக் கணத்தில் என்ன இசைக்கப்படுகிறது என்பதிலிருந்தே முடிவு செய்ய வேண்டும். மேடையில் அமர்ந்து வாசிப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கச்சேரியில் அசைவு எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆலாபனையில் (தாளமின்றி ராகத்தை விரிக்கும் பகுதியில்) பாடகர் மேல் ஸட்ஜத்திலோ பஞ்சமத்திலோ வந்து நின்று அந்த ஸ்வரத்தை நீட்டிக் கார்வை கொடுக்கும்போது முகமும் கையும் சில விநாடிகள் ஏறத்தாழ அசையாமல் நிற்கின்றன. அந்த நேரத்தில் 1/60 விநாடி கூடப் போதும், ஐ.எஸ்.ஓ.வைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். கல்பனாஸ்வரம் (மேடையிலேயே கற்பனை செய்து பாடும் ஸ்வரங்கள்) வேகம் பிடிக்கும்போது தலையும் தாளக் கையும் ஓயாமல் அசையும். அப்போது 1/200க்குக் கீழே இறங்கக் கூடாது. மிருதங்கத்தில் விரல்கள் தெளிவாக வேண்டுமானால் 1/500 தேவைப்படும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகரும் கை, 1/250 விநாடிக்குள் 4 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது என்று கணக்கிட்டால் இதன் காரணம் விளங்கும்.

ஆயினும் அந்த 1/500 கூட எப்போதும் தேவையில்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அடிக்க உயரும் இடக்கை மேலே சென்று திரும்பும் இடத்தில் ஒரு கணம் நின்றுதான் இறங்குகிறது. வயலின் வில்லும் ஒவ்வொரு முறை திசை மாறும்போது அப்படியே நின்று திரும்புகிறது. தாளத்தை மனத்தில் போட்டுக்கொண்டே கேட்பவருக்கு அந்தத் திருப்பம் எப்போது வரும் என்பது முன்பே தெரியும், ஆகவே அவர் 1/125இலேயே தெளிவான கையைப் பெறுவார். கோர்வை (முடிவில் மூன்று முறை வரும் தாளக் கோப்பு) மூன்றாம் முறை முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும்போது மேடையில் உள்ள அனைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையை எதிர்பார்த்துக் காத்திருப்பவரிடம்தான் நல்ல படம் சிக்கும்; விநாடிக்குப் பத்துப் படம் என்று சுட்டுத்தள்ளுபவருக்கு அது பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு இடையில் நழுவிவிடும்.

அம்மா, நீங்கள் கச்சேரிக்கு முன் பாடகரிடம் அன்றைய உருப்படிகளின் வரிசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எது விரிவான ராகம், தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி) எந்தப் பாட்டில், எந்தத் தாளத்தில் என்று தெரிந்தால் எங்கே நிற்பது, எப்போது எழுந்து நகர்வது என்பதெல்லாம் தாமாக அமைந்துவிடும். பழகிப் பார்க்க விரும்பினால், கர்நாடக வாய்ப்பாட்டும் மிருதங்கமும் கற்பிக்கும் மோக்கா மகாத்மா காந்தி நிறுவனத்தில் மாணவர் நிகழ்ச்சிகள் நடக்கும்போது அனுமதி கேட்டுச் செல்லலாம். வளரும் கலைஞர்களுக்கும் நல்ல படங்கள் தேவைப்படுகின்றன.

காத்ர் போர்ன் ரசிகர் எழுதியது:

ஃபிளாஷைப் பற்றி யாரும் பேசாமலேயே ஒதுக்கிவிடுவதை நான் ஏற்கவில்லை. சங்க விழாவின் படம் கலைப்பொருளாக மட்டும் இருப்பதில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து நம் பேரப்பிள்ளைகள் யார் பாடினார்கள், யார் வாசித்தார்கள் என்று பார்ப்பதற்கான சான்றும் அதுவே. பாதி முகம் இருட்டிலும் பாதி முகம் ஊதா நிறத்திலும் இருக்கும் படம் அழகாக இருக்கலாம், ஆனால் ஆளை அடையாளம் காட்டாது. ஜாஸ் இசைக் கலைஞர்களைப் படம் எடுத்துப் புகழ்பெற்ற ஹெர்மன் லியோனார்டே 1940களில் நியூயார்க் கிளப்களில் ஃபிளாஷ் விளக்குகளைப் பயன்படுத்தியவர். மேடை விளக்குகளுக்குப் பக்கத்திலேயே அவற்றைப் பொருத்தி, ஒளி மேடையிலிருந்தே வருவதைப் போல அமைத்தார். வெள்ளைக் கூரை உள்ள சிறிய மண்டபத்தில் ஃபிளாஷை மேல்நோக்கித் திருப்பி அடித்தால் ஒளி பரவலாக இறங்கும். யார் கண்ணையும் அது குத்தாது.

போர்ட் லூயி படக்காரர் எழுதியது:

முகம் தெரிய வேண்டும் என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் லியோனார்டின் மிகப் புகழ்பெற்ற படமான, 1948இல் எடுத்த டெக்ஸ்டர் கார்டனின் படத்தை நினைத்துப் பாருங்கள். அதில் அவர் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. சாக்ஸஃபோனை மடியில் வைத்து, சிகரெட்டுடன் அமர்ந்திருக்கிறார். பின்னாலிருந்து வரும் ஒளியில் புகை மேலெழுகிறது. ஃபிளாஷ் வேண்டுமானால் இசை ஓயும் நேரத்தில், கலைஞரின் சம்மதத்தோடு பயன்படுத்தலாம் என்பதே என் கருத்து. கச்சேரிக்கு முன் மைக் சரிபார்க்கும் நேரத்தில் கலைஞர்கள் அதே உடையில், அதே இடத்தில் அமர்ந்திருப்பார்கள். கூரையில் பட்டு இறங்கும் ஃபிளாஷுடன் உங்கள் சான்றுப் படங்களை அப்போதே எடுத்துவிடலாம்.

கச்சேரி தொடங்கிய பிறகு, கூட்டத்தின் நடுவிலிருந்து நேராக அடிக்கும் ஃபிளாஷ் படத்தையும் கெடுக்கும். ஒளி தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், இரண்டு மீட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு எட்டு மீட்டரில் உள்ள பாடகருக்குக் கிடைப்பதைப் போல் பதினாறு மடங்கு ஒளி விழும். படத்தில் வெளுத்துத் தெரிவது முன்வரிசைத் தலைகள்தான்.

மண்டப விளக்குப் பொறுப்பாளர் எழுதியது:

விளக்கு இயக்குபவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். படம் எடுப்பவர்கள் லென்ஸுக்குச் செலவிடும் பணத்தையும் யோசனையையும், விளக்குப் பலகைக்குப் பின்னால் இருப்பவரிடம் ஐந்து நிமிடம் பேசுவதற்குச் செலவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எங்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் முன்பக்கம் இடமும் வலமுமாக 45 பாகைக் கோணத்தில் இரண்டு வெண்ணிற விளக்குகளை நிலையாக வைத்துவிட்டு, நீலத்தையும் ஊதாவையும் பின்திரைக்கு மட்டும் கொடுப்பதில் எங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. கர்நாடகக் கச்சேரிக்கு வண்ணம் மாறிக்கொண்டே இருக்க வேண்டிய தேவையும் இல்லை. காத்ர் போர்ன் நண்பர் கேட்கும் அடையாளம் காட்டும் முகமும் இதில் கிடைத்துவிடும்.

நீல ஒளியில் எடுத்த முகம் ஏன் சேறு பூசியதுபோல் வருகிறது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. பெரும்பாலான கேமரா சென்சார்களில் நான்கில் ஒரு பங்குப் புள்ளிகளே நீலத்தைப் பதிவு செய்கின்றன. வெறும் நீல எல்.இ.டி. ஒளியில் மற்ற புள்ளிகளுக்கு ஏறத்தாழ எதுவும் கிடைப்பதில்லை, ஆகவே நுணுக்கமும் குறைகிறது, நாய்ஸும் கூடுகிறது. அந்த ஒளியில் இல்லாத சிவப்பை ஒயிட் பேலன்ஸ் (வண்ணச் சமன்) திருத்தத்தால் உருவாக்கவும் முடியாது. இன்னொரு கேடும் உண்டு: மொத்த ஒளியைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் சரியாக இருப்பதுபோல் தோன்றும்போதே நீலம் மட்டும் எல்லை மீறி வெளுத்துப் போயிருக்கும். ஆகையால் மூன்று வண்ணங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். ஒளியை மாற்றவே முடியாத மேடை என்றால், அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவதே முகத்துக்குச் செய்யும் மரியாதை.

அடுத்தது மினுக்கம். நம் தீவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த குழல் விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஒளி ஏறி இறங்குகின்றன. 1/100 விநாடியிலும் 1/50 விநாடியிலும் முழு ஏற்ற இறக்கமும் உள்ளே அடங்கிவிடுவதால் படங்கள் ஒரே சீராக வரும். 1/250இல் தொடர்ச்சியாக எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் இருக்கும். புதிய கேமராக்களில் உள்ள மினுக்கத் தவிர்ப்பு வசதி இந்த 100 ஏற்ற இறக்கத்தைக் கண்டறிந்து, உச்ச ஒளியில் ஷட்டரைத் திறக்கும். மேடை எல்.இ.டி.களின் கதை வேறு. அவற்றின் ஒளியைக் குறைக்கும்போது பெரும்பாலான மலிவு விளக்குகள் மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. அந்த வேகம் விளக்குக்கு விளக்கு மாறுபடுவதால் அந்த வசதி இங்கே உதவாது, படத்தில் குறுக்குக் கோடுகள் விழும். முழு ஒளியில் எரியும்போது இந்த அணைப்பு இருப்பதில்லை. ஆகவே “விளக்கு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எரிவதை முழு ஒளியில் எரியவிடுங்கள்” என்று இயக்குபவரிடம் கேளுங்கள். அவருக்கு உடனே புரியும்.

ரோஸ் ஹில் வாசகி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு உங்கள் அனைவருக்கும் நன்றி. விளக்குகளைப் பற்றி மண்டபத்தில் இப்போதே பேசிவிட்டேன். வெண்ணிற விளக்குகளுக்கு ஒப்புக்கொண்டார்கள். இன்னும் ஒரு கேள்வி. என் கேமராவில் ஓசையில்லாத மின்னணு ஷட்டர் உண்டு. ஆலாபனையின் அமைதியில் அதைப் பயன்படுத்தினால் ரசிகர்களுக்குத் தொல்லை இருக்காது அல்லவா? மேலும், கைப்பேசியில் எடுக்கும் உறவினர்களுக்கு என்ன சொல்வது?

போர்ட் லூயி படக்காரர் எழுதியது:

ஓசையில்லாத ஷட்டரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல கேமராக்களில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவதற்கு 1/30 விநாடி அளவுக்கு நேரமாகிறது. அதற்குள் விளக்கு பலமுறை ஏறி இறங்குவதால் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். வேகமாக நகரும் வில் வளைந்தும் தெரியும். கூரைக் குழல் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, மேடை விளக்குகளின் கீழ் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள். கோடு இல்லையென்றால் ஆலாபனையில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஓசையைவிட அதிகமாகத் தொல்லை தருவது வெளிச்சம் என்பதையும் மறக்க வேண்டாம். இருட்டில் ஃபோகஸ் செய்வதற்காகக் கேமரா தானே எரியவிடும் உதவி விளக்கு நேராகப் பாடகரின் கண்ணில் விழுகிறது. அதையும், ஃபோகஸ் ஆனதும் எழும் ஒலியையும், எடுத்த படத்தைத் திரையில் தானாகக் காட்டும் அமைப்பையும் மண்டபத்துக்குள் நுழையும் முன் அணைத்துவிடுங்கள். கைப்பேசியின் இரவு முறை பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது என்பதால், அசையும் விரல்கள் அதில் கரைந்துபோகும். அவர்கள் சாதாரண முறையிலேயே, திரையில் முகத்தைத் தொட்டு ஒளியைச் சற்றே குறைத்து எடுக்கட்டும்.

வாக்வா மிருதங்க ஆசிரியர் எழுதியது:

ஷட்டர் ஒலியைப் பொறுத்தவரை, தனி ஆவர்த்தனத்தின்போது யாருக்கும் எதுவும் கேட்காது. உங்களுக்கு முழு விடுதலை அப்போதுதான். அந்த நேரத்தில் எல்லாருடைய கேமராவும் மிருதங்கத்தின் பக்கம் திரும்பியிருக்கும். நீங்கள் பாடகரின் முகத்தையும் பாருங்கள். கச்சேரி முழுவதும் மைக் மறைத்திருந்த வாய் இப்போது மைக்கை விட்டு விலகியிருக்கும். அவர் தாளம் போட்டபடி பக்கவாத்தியக்காரரைப் பார்த்து ரசித்துக்கொண்டிருப்பார். ஒரு பாடகரின் உண்மையான இயல்பு தெரியும் முகம் அதுவே என்று நான் நம்புகிறேன்.

எக்ஸ்போஷரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம்மவர்களின் படங்களில் என்னை மிகவும் வருத்துகிறது. பின்திரை கறுப்பாக இருப்பதால் தானியங்கிக் கேமரா ஒளியைக் கூட்டிவிடுகிறது, வெள்ளை வேட்டியும் சேலையின் சரிகையும் வெளுத்துப்போகின்றன. முகத்தில் மட்டும் அளவெடுத்தாலும், கேமரா எதையும் நடுச்சாம்பல் ஆக்கவே முயல்வதால், நம்முடைய கறுத்த நிறத்தை அது உள்ளதைவிட வெளுப்பாகக் காட்டும். முகத்தில் அளவெடுத்து அதிலிருந்து ஏறக்குறைய ஒரு படி (அதாவது ஒளியைப் பாதியாக) குறைத்து, அதை மேனுவலாக நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்குகள் மாறாத மேடையில் பிறகு அதைத் தொடவே வேண்டாம். கலைஞரின் நிறத்தை உள்ளபடி காட்டுவது படம் எடுப்பவரின் கடமை.

ஸூயாக் கடலோரவாசி எழுதியது:

சேகாவைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். கச்சேரிக்குச் சொன்ன விதிகளில் பாதி இங்கே பொருந்தாது. ஒளி மேலிருந்து வருவதில்லை. தரையில் எரியும் நெருப்பிலிருந்து வருகிறது, ஒவ்வொரு கணமும் மாறுகிறது. ஆகவே மேனுவலில் துளையையும் ஷட்டர் வேகத்தையும் நீங்களே நிலைப்படுத்திவிட்டு ஐ.எஸ்.ஓ.வை மட்டும் தானியங்கியாக விடுங்கள், நெருப்பு சட்டத்துக்குள் வந்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்து ஈடுசெய்யுங்கள். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் நெருப்பின் செம்மையைத் துடைத்துவிடும் கேமராக்கள் உண்டு. 3000 கெல்வின் அளவில் நிறுத்தினால் தோலில் அந்த வெப்பம் தங்கும்.

ராவான் மேளத்தின் ஆட்டுத்தோலை முறுக்கேற்றுவதற்காக, வாசிக்கும் முன்பும் இடையிடையேயும் அதை நெருப்பருகே பிடித்துச் சூடாக்குவார்கள். இரவு முழுவதிலும் மிகச் சிறந்த ஒளி கலைஞர்மேல் விழும் நேரம் இதுவே. நெருப்பிலிருந்து இரண்டு மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதைப்போல் நான்கு மடங்கு ஒளி ஒரு மீட்டரில் குனிந்திருப்பவருக்குக் கிடைக்கிறது. கையும் முகமும் நிதானமாக இருக்கின்றன. பாட்டு தொடங்கியதும்தான் கேமராவை எடுப்பவர்கள் இதை முற்றிலும் இழந்துவிடுகிறார்கள். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்தக் கலையின் படங்களாகச் சுற்றுலா விளம்பரங்களில் நாம் காண்பதெல்லாம் பெரும்பாலும் விடுதி மேடையின் வண்ணப் பாவாடைகளே. மேளத்தைச் சூடாக்கும் கைகளையும், மாராவான் பெட்டியை ஆட்டி ஒலி எழுப்பும் முதியவர்களின் முகங்களையும் நீங்கள் எடுத்துத் தர வேண்டும்.

ஆட்டத்தை உறையவைக்க முயல வேண்டாம். சேகாவில் பாதங்கள் தரையை விட்டு அதிகம் எழுவதில்லை. இடுப்பும் பாவாடையும்தான் சுழல்கின்றன. ஆகவே 1/15 முதல் 1/30 விநாடி வரை வைத்துக் கேமராவை உறுதியாகப் பிடித்தால், ஆடுபவர் உடலைப் பின்னோக்கிச் சாய்த்து நிற்கும் கணத்தில் முகம் தெளிவாகவும் பாவாடை அலையாகவும் பதியும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே தடுக்கும். ஆடுபவரின் அசைவுக்கு அது பயன்படாது. இங்கே அந்த அசைவு பதிவது குறையாகவும் இராது.

காத்ர் போர்ன் ரசிகர் எழுதியது:

மைக் சரிபார்க்கும் நேரத்தில் சான்றுப் படங்களை எடுத்துவிடலாம் என்ற யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் படங்களைச் சங்கத்துக்குக் கொடுக்கும் முன், செயற்கை நுண்ணறிவால் நாய்ஸ் நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அது அளவு மீறினால் முதியவர்களின் முகச் சுருக்கங்களை மெழுகிவிடுகிறது, சரிகையில் நெய்யப்படாத கோலங்களைத் தானாக வரைந்துவிடுகிறது. பாதி அளவில் நிறுத்துங்கள். மூல ‘ரா’ கோப்புகளையும் அழிக்காமல் வையுங்கள்; நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரும்போது அவற்றிலிருந்து மறுபடியும் தொடங்கலாம்.

ஸூயாக் கடலோரவாசி எழுதியது:

ரோஸ் ஹில் அக்காவுக்கு இன்னும் ஒன்று. குளிரூட்டிய காரிலிருந்து கேமராவை நேரே கடற்கரைக் காற்றுக்குள் எடுத்தால் லென்ஸில் ஈரம் படிந்து, சிறிது நேரம் எதுவும் தெரியாது. வீட்டிலிருந்து புறப்படும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பையில் கட்டி, வந்து சேர்ந்த பிறகு பையோடு வெளியே வைத்து, வெளி வெப்பத்துக்கு வந்தபின் திறவுங்கள். காற்று கடலிலிருந்து வீசினால் உப்புத் துளியும் கண்ணாடியில் ஒட்டும். நெருப்பை எதிர்கொண்டு எடுக்கும்போது அந்தத் துளி ஒவ்வொன்றும் படத்தில் ஒளிவட்டமாக விரியும். துடைக்க மெல்லிய துணி ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள், உலர்ந்த உப்பைத் தேய்க்காமல் முதலில் ஊதித் தள்ளிவிட்டுத் துடையுங்கள்.